கூப்பிடு தூரமும் தொலைபேசியும்

பழனி மலைத் தொடரில் பள்ளத்தாக்கின் ஒரு சரிவில் நின்று குரல் கொடுத்தால், எதிர்ச் சரிவில் பூண்டுக் காட்டில் குனிந்திருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். அவரிடம் போய்ச் சேரவேண்டுமானால் ஓடைவரை இறங்கி மறுபடி ஏற வேண்டும்; பாதிப் பொழுது போய்விடும். சமவெளியில் கூப்பிடு தூரமும் நடை தூரமும் கிட்டத்தட்ட ஒன்று. மலையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

'கூப்பிடு தூரம்' என்பதை இன்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். பழைய நீட்டலளவை வாய்பாட்டில் அது ஓர் அளவாகவே இருந்தது. நாலு கூப்பிடு தூரம் ஒரு காதம். சாண், முழம் எல்லாம் கையால் அளந்தவை. அதற்கு அப்பால் உள்ளதைத் தமிழர் குரலால் அளந்திருக்கிறார்கள். அந்தக் குரலின் எல்லையை உடைத்துப் போட்ட கருவிக்குத் 'தொலைபேசி' என்று பெயர் அமைந்தது எனக்கு மிகவும் பிடித்தமான சொல் வரலாறு. கொடைக்கானல் வீடு ஒன்றின் அலமாரியில் பூசணம் பிடித்துக் கிடந்த கருப்பு பேக்லைட் போனைப் பழுதுபார்க்கத் திறந்து வைத்திருப்பதால், இப்போது பெயரையும் பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

அலெக்சாண்டர் கிரகாம் பெல் காப்புரிமை பெற்றது 1876 மார்ச் 7-இல். கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று நகரங்களின் எக்ஸ்சேஞ்சுகளும் முறைப்படி திறக்கப்பட்டது 1882 ஜனவரி 28-இல். ஆறே ஆண்டுகளில் கருவி சென்னைக்கு வந்துவிட்டது, தன் கிரேக்கப் பெயரையும் சுமந்துகொண்டு: டெலே என்றால் தொலைவு, போனே என்றால் குரல். 'டெலிபோன்' என்று சொல்லிப் பழகிய பிறகுதான் இந்திய மொழிகள் சொந்தப் பெயர் தேடின. பெரும்பாலானவை வடமொழிக் கிடங்குக்குப் போயின. இந்தியில் தூர்பாஷ், கன்னடத்தில் தூரவாணி. 1948-இல் பெங்களூரில் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் தொடங்கியபோது அதைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்குத் தூரவாணிநகர் என்றே பெயர் வைத்தார்கள். ஒரு கலைச்சொல் தபால் முகவரியாகவே நிலைத்துவிட்டது.

தமிழ் போன வழி வேறு. பாக்குவெட்டி, மண்வெட்டி, தேங்காய்த் துருவி, சுமைதாங்கி என்று வினையோடு இகரம் சேர்த்துக் கருவிக்குப் பெயரிடுவது நம் அடுப்படியிலும் தோட்டத்திலும் நெடுங்காலமாக உள்ள பழக்கம். வெட்டுவது வெட்டி, துருவுவது துருவி, தாங்குவது தாங்கி. அதே அச்சில் வார்த்ததுதான் 'பேசி'. அதனால்தான் இது அகராதியிலிருந்து இறக்கிய சொல்லாக ஒலிக்கவில்லை. கொடைக்கானல் மலைக்கு 1899-இல் வந்த சூரிய ஆய்வுக்கூடத்தின் 'தொலைநோக்கி'யும் இதே குடும்பம்தான்.

ஜெர்மானியரும் இதையே செய்தார்கள். அவர்களுடைய தபால் துறைத் தலைவர் ஹைன்ரிக் ஃபான் ஷ்டெஃபான் 1877-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் 'ஃபெர்ன்ஷ்ப்ரெஹர்'. ஃபெர்ன் தொலை, ஷ்ப்ரெஹர் பேசுவது. சொல்லுக்குச் சொல் நம் தொலைபேசி. ஐஸ்லாந்துக்காரர்கள் இன்னும் அழகான காரியம் செய்தார்கள்: நூல், கயிறு என்ற பொருளில் வழக்கொழிந்து கிடந்த 'சீமி' என்ற பழஞ்சொல்லை எடுத்துத் தூசி தட்டி டெலிபோனுக்குச் சூட்டினார்கள். இதற்கு இணை நம்மிடம் 'தந்தி'. யாழிலும் வீணையிலும் கட்டிய நரம்புக்கு வழங்கிய சொல், கம்பி வழிச் செய்திக்கு வந்து, கம்பத்துக்கும் பரவி, 1942-இல் மதுரையில் ஒரு நாளிதழின் பெயரிலும் ஏறியது. 2013 ஜூலையில் தந்திச் சேவையை நிறுத்தியாகிவிட்டது. ஆனாலும் ஜனவரி இரவில் கொடைக்கானல் ஏரிக்கரையில் நின்றால் பல் இன்றும் தந்திதான் அடிக்கிறது.

இனி பொருளுக்கு வருவோம். பேக்லைட்டுக்கு நாம் தமிழ்ப் பெயர் தேடவேயில்லை. எலக்ட்ரிக் கடையில் 'பேக்லைட் ஹோல்டர்' என்று கேட்டால் போதும். பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த லியோ பேக்லண்ட் 1907-இல் பீனாலையும் பார்மால்டிஹைடையும் சேர்த்துச் செய்த பிசின் இது, பெயர் அவருடையது. கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்தால் மருத்துவமனை வாசம் லேசாக வரும். ஒருமுறை அச்சில் வெந்து இறுகிவிட்டால் மறுபடி உருகாது. அதனால் விரிசலை உருக்கி ஒட்ட முடியாது. அரால்டைட்டில் கருப்புப் பொடி கலந்து அடைக்க வேண்டும். உப்புத்தாளைத் தொடவே கூடாது. பளபளப்பான மேல்தோல் பிசின் மிகுந்தது. அதற்குக் கீழே பிசினோடு கலந்த மரத்தூள் இருக்கிறது. தோல் தேய்ந்தால் அந்த மரத்தூள் ஈரம் குடிக்கத் தொடங்கும். கொடைக்கானலில் குடிக்க ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பிராசோ பாலிஷைத் துணியில் தொட்டுப் பொறுமையாகத் துடைத்தால், பழுப்பேறிப்போன கருப்பு மெதுவாகத் தெளிகிறது.

இந்த ஊர்ப் பனிக்கு முதலில் பலியாவது பேசும் முனை. அதன் குப்பியில் கரித்துகள் இருக்கும். குரல் பட்டுத் தகடு அதிரும்போது துகள்கள் நெருங்கி விலக, மின்னோட்டம் கூடிக் குறையும்; குரல் மின்சாரமாவது அங்கேதான். ஈரம் சேர்ந்தால் துகள்கள் கட்டி தட்டிக் குரல் கம்மிவிடும். அந்தக் காலத்தில் ரிசீவரை உள்ளங்கையில் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு "இப்ப கேக்குதா?" என்று கேட்பார்களே, அது கோபத்தில் தட்டியது அல்ல, சரியான வைத்தியம்.

டயலில்தான் எனக்கு நேரம் போயிற்று. 5 என்ற துளையில் விரலை விட்டுத் தடுப்புவரை சுற்றும்போது லைனில் எதுவும் நடப்பதில்லை. வில்லை முறுக்குகிறோம், அவ்வளவுதான். விரலை எடுத்ததும் டயல் திரும்பி வருகையில் லைன் ஐந்து முறை அறுந்து சேர்கிறது. 0-வுக்குப் பத்து முறை. நொடிக்குப் பத்து அறுப்பு என்பது கணக்கு. கொடைக்கானலின் எஸ்.டி.டி. எண்ணான 04542-ஐச் சுற்றினால் பத்தும் நாலும் ஐந்தும் நாலும் ரெண்டுமாக 25 துடிப்புகள். அந்த வேகத்தைக் காப்பது உள்ளே ஒரு சின்னக் கிண்ணத்தில் சுழலும் கவர்னர். இரண்டு குட்டி எடைகள் சுழற்சியில் வெளியே விரிந்து கிண்ணத்தின் சுவரில் உரசி வேகத்தை அடக்கும். அந்த உரசும் இடத்தில் எண்ணெய் விட்டால் பிடிப்பு போய் டயல் பறக்கும். பழைய கிரீஸ் இறுகிப்போயிருந்தால் டயல் நொண்டும். இரண்டிலும் எக்ஸ்சேஞ்சுக்கு எண் பிசகும்.

மேசைமேல் இதைச் சுற்றிக்கொண்டிருக்கையில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. 'தொலைபேசி' என்ற பெயரைச் செய்தவர்கள் படித்தவர்கள். ஆனால் வினைகளைச் செய்தது இந்தப் பொருள். நம்பரைச் சுத்து, போனை எடு, போனை வை, லைன் கிடைச்சுது, லைன் கட்டாயிடுச்சு. ஒரு காலத்துத் தொடர்கதை நாயகர்கள் எல்லோரும் 'எண்களைச் சுழற்றினார்கள்'. எந்தக் கலைச்சொல் குழுவும் கூடி இவற்றை முடிவு செய்யவில்லை. டயல் சுழன்றதால் சுத்து; ரிசீவருக்குத் தொட்டில் இருந்ததால் வை. தொட்டில் போய் வெகுநாளாயிற்று, "சரி, வச்சிடட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் இன்றும் பேச்சை முடிக்கிறோம். சுத்து மட்டும் டயலோடு போய்விட்டது.

பெயரிலும் ஒரு பாதிதான் பிழைத்திருக்கிறது. கைபேசி, செல்பேசி, அலைபேசி, திறன்பேசி எல்லாவற்றிலும் 'தொலை' உதிர்ந்து 'பேசி' நின்றுவிட்டது. பேச்சு என்றாலே தொலைவிலிருந்துதான் என்றாகிவிட்ட காலத்தில் தொலைவைத் தனியாகச் சொல்ல அவசியம் இல்லை போலும்.

ஆபரேட்டர் வழியாக வெளியூருக்குப் பேசிய டிரங்க் கால் காலத்தில் அவசியம் இருந்தது. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று அவசரத்துக்கு ஏற்ப விலை. லைட்னிங் கால் என்றால் சாதாரணக் கட்டணத்தைப்போல் எட்டு மடங்கு. மூன்று நிமிடத்துக்கு ஒருதரம் ஆபரேட்டர் குறுக்கே வருவார். அந்த நாட்களில் கல்யாணப் பத்திரிகையிலும் விசிட்டிங் கார்டிலும் எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று இரண்டு எழுத்து இருக்கும். போன் பக்கத்து வீட்டுக்காரருடையது என்று அர்த்தம். "அக்கா, ஊர்லேர்ந்து போன் வந்தா ஒரு குரல் குடுங்க" என்று சொல்லி வைத்திருப்பார்கள். சென்னையிலிருந்து 500 கிலோமீட்டர் கம்பி வழியாக மலையேறி வந்த குரல், கடைசிச் சந்தில் அந்த அக்காவின் தொண்டையில் ஏறிக்கொள்ளும். காதம் காதமாக வந்ததைக் கூப்பிடு தூரம்தான் கொண்டுபோய்ச் சேர்த்தது. அழைத்தவர் அதுவரை லைனில் காத்திருப்பார், காசு ஓடும்; இவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவார். எஸ்.டி.டி. பூத்துகள் வந்து, பிறகு செல்போன் வந்து, அந்த ஓட்டம் நின்றது.

பழுதுபார்த்த போனை இப்போதைய பைபர் இணைப்பில் அப்படியே சொருகினால் மணி அடிக்கலாம், பேசவும் செய்யலாம். வெளியே அழைக்க முடிவதில்லை. பெரும்பாலான பெட்டிகளுக்கு 25 துடிப்புகளை எண்ணத் தெரியாது. துடிப்பைத் தொனியாக மாற்றும் சின்னச் சர்க்யூட் ஒன்றை நடுவே வைக்க வேண்டும்.

பொருளைக் காப்பாற்றிவிடலாம் என்று தெரிகிறது. சொற்களுக்குத்தான் அவசரம். போர்டில் உட்கார்ந்த ஆபரேட்டர்களும், பனிக்காலத்தில் அறுந்த கம்பியைத் தேடி மலைச்சாலையில் நடந்த லைன்மேன்களும் ஓய்வுபெற்று வயதாகிவிட்டவர்கள். எந்தப் பழுதை என்ன பெயரில் அழைத்தார்கள், கம்பத்தில் ஏறும் இரும்புக்கு என்ன சொன்னார்கள், எந்த வளைவுக்கு என்ன செல்லப்பெயர் வைத்தார்கள் என்பதையெல்லாம் சொல் தொகுப்பவர்கள் அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே போய் உட்கார்ந்து, இந்த வருஷமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.