வெயிலைச் சேமிக்கும் வீட்டுக் குடில்

லடாக்கின் லே நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்கால இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்குவதுண்டு. சோஜி லா கணவாய் பனியால் மூடப்படும் மாதங்களில் பச்சைக் காய்கறி அங்கே விமானத்தில் வந்து இறங்கும் பொருள், விலையும் அதற்கேற்றதே. ஆனால், அதே லடாக்கின் சிற்றூர்களில், வெளியே நீர் உறைந்து கிடக்கும் ஜனவரியில், விறகோ மண்ணெண்ணெயோ மின்சாரமோ செலவழிக்காமல் கீரை வளர்க்கும் வீடுகள் உள்ளன. வீட்டளவில் பசுமைக்குடில் அமைக்க நினைக்கும் எவரும் முதலில் படிக்க வேண்டியது அந்தக் குடில்களைத்தான்.

பசுமைக்குடில் என்றதும் நாற்புறமும் கண்ணாடியாலான கூடம்தான் நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. அது நிலக்கரியை எரித்துச் சூடேற்றிய ஐரோப்பியச் செல்வந்தர்களின் மரபு. எரிபொருளுக்குக் கணக்குப் பார்க்காதவர்கள் மட்டுமே அப்படிக் கட்ட முடியும்.

லடாக் குடில் கிழக்கு மேற்காக நீண்டிருக்கும். தெற்கு முகம் மட்டுமே பாலித்தீன். மற்ற மூன்று பக்கங்களிலும் சுடாத மண்கல்லாலான இரட்டைச் சுவர். இடையே வைக்கோல் அல்லது மரத்தூள். காரணம் எளியது. லே ஏறத்தாழ 34 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், டிசம்பர் 21 நண்பகலில்கூட சூரியன் தெற்கு அடிவானத்திலிருந்து 32 டிகிரி உயரத்தையே எட்டுகிறது. அப்போது வடக்குப் பக்கத்தில் கண்ணாடி வைத்தால் நேர் வெயில் துளியும் உள்ளே வராது. உள்ளிருக்கும் வெப்பம் மட்டும் வெளியேறும்.

எவ்வளவு வெளியேறும்? ஒற்றைக் கண்ணாடியின் ஒரு சதுர மீட்டர், ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சுமார் 6 வாட் வெப்பத்தைக் கடத்துகிறது. 20 சதுர மீட்டர் கண்ணாடி. உள்ளுக்கும் வெளிக்கும் 20 டிகிரி வேறுபாடு. 14 மணி நேர இரவு. இழப்பு ஏறத்தாழ 34 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஒரே இரவுக்கு! இடைவெளி விட்டு இரண்டாவது அடுக்கு போட்டால் இது ஏறக்குறையப் பாதியாகும். மூன்றாவது அடுக்கு போட்டால் மூன்றில் ஒரு பங்காகும். அதாவது, முதலில் 17 யூனிட்டை மீட்ட அதே செலவு, அடுத்த முறை ஆறு யூனிட்டுக்கும் குறைவாகவே மீட்கிறது. தவிர, ஒவ்வோர் அடுக்கும் பகல் வெளிச்சத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். வகுப்பறையில் பல்லாண்டுகள் நான் கரும்பலகையில் வரைந்து காட்டிய குறைந்து செல் விளைவு விதிக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆகவே, மூன்றாம் அடுக்குக்கான பணத்தில் மாலையில் இறக்கி, காலையில் சுருட்டும் தடித்த திரையை வாங்குவதே அறிவுடைமை. அது ஒளியைத் திருடுவதில்லை.

இழப்பைக் குறைத்த பிறகே சேமிப்பு. 200 லிட்டர் நீர் நிரம்பிய ஒரு பீப்பாய் 10 டிகிரி குளிரும்போது ஏறத்தாழ 2.3 யூனிட் வெப்பத்தை வெளிவிடுகிறது. கருப்பு வண்ணம் பூசிய ஐந்து பீப்பாய்களை வடக்குச் சுவரோரம் வெயில் படும்படி வைத்தால் 11 யூனிட்டுக்கு மேல் தேறும். மீதியைச் சுவரும் தரையும் பார்த்துக்கொள்ளும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெப்பத்தடுப்புப் பொருள் சுவரின் வெளிப்புறமோ நடுவிலோ இருக்க வேண்டும். உட்புறம் ஒட்டினால் சுவர் வெயிலைக் காணாது, சேமிக்கவும் செய்யாது. கதவிடுக்கு, பாலித்தீன் விளிம்பு ஆகியவற்றில் கசியும் காற்று இந்தக் கணக்கையெல்லாம் பொய்யாக்கிவிடும். அதே வேளையில், வெயில் நாளில் திறந்துவிடச் சாளரமும் தேவை; ஈரம் தேங்கினால் பூஞ்சை நோய் வரும்.

கண்ணாடி வெப்பக் கதிரைச் சிறைப்பிடிப்பதால்தான் குடில் சூடாகிறது என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. 1909-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஆர்.டபிள்யூ. உட், வெப்பக் கதிரைத் தடுக்காத பாறை உப்புத் தகட்டை மூடியாக வைத்துப் பார்த்தார். அந்தப் பெட்டியும் ஏறக்குறைய அதே அளவு சூடானது. சூடான காற்று வெளியேறாமல் தடுக்கப்படுவதே முதன்மைக் காரணம்.

இது நீலகிரிக்கும் பொருந்தும். சமவெளியில் நமக்குத் தேவை நிழல்வலையே. ஆனால் உதகையில் டிசம்பர், ஜனவரி மாத உறைபனி பயிரைக் கருக்கிவிடுகிறது. சாதாரணப் பாலித்தீன் வெப்பக் கதிரைப் பெருமளவு வெளியே விட்டுவிடும். மேகமற்ற, காற்றசைவற்ற இரவில் ஒற்றைப் பாலித்தீன் குடிலின் உட்புறம் வெளியைவிடச் சற்றே கூடுதலாகக் குளிர்வதும் உண்டு. ஆனாலும் நம் குடில் மானியம் சதுர மீட்டர் கணக்கில்தான் அளக்கப்படுகிறது. மலைப்பகுதிகளுக்கேனும் வடக்குச் சுவர், இரவுத் திரை, நீர்ப் பீப்பாய் ஆகியவற்றின் செலவையும் அந்தக் கணக்கில் சேர்க்க தோட்டக்கலைத் துறை முன்வர வேண்டும்.