நத்தை தொடுத்த வழக்கு

வகுப்பறையில் நாம் போர்களைக் கற்பிக்கிறோம். இந்த மன்னன் இந்த ஆண்டில் இந்தக் கோட்டையைப் பிடித்தான் என்கிறோம். மாணவரும் மனப்பாடம் செய்கின்றனர். பிடித்த கோட்டைகள் இடிந்தன, பிடித்தவன் கொடி மக்கிற்று; ஆண்டு மட்டும் தேர்வுத் தாளில் அழியாது நிற்கிறது! ஆனால், வாளேந்தாத ஒரு பெண், படையில்லாத ஒரு வழக்கறிஞரைத் துணைகொண்டு பெற்ற வெற்றியொன்று உண்டு. அந்த வெற்றியின் பயனை இன்று மருந்துக்கடைக்குப் போகிறவரும் மகிழுந்து ஓட்டுகிறவரும் நுகர்கின்றனர். அதற்கு நம் பாடநூலில் ஒரு வரிகூட இல்லை.

1928 ஆகஸ்ட் 26, ஞாயிறு மாலை. ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரை அடுத்த பெய்ஸ்லி என்னும் ஊர். கடையொன்றில் வேலை பார்த்துப் பிழைத்து வந்த மே டோனோகு என்ற முப்பது வயதுப் பெண், தோழியுடன் வெல்மெடோ என்ற சிற்றுண்டிச் சாலைக்குள் நுழைகிறார். கணவனைப் பிரிந்தவர், பெற்ற பிள்ளைகள் நால்வரில் மூவரை மண்ணுக்குத் தந்துவிட்டு ஒரு மகனோடு காலந்தள்ளியவர். தோழி காசு கொடுக்கிறார். ஐஸ்கிரீமும் ஜிஞ்சர் பீரும் வருகின்றன. உள்ளே இருப்பது வெளியே தெரியாத கருநிறப் புட்டி. பாதியைப் பருகியாயிற்று. மீதியைத் தோழி கோப்பையில் ஊற்றுகிறார். அழுகிய நத்தையொன்று மிதந்து வருகிறது!

கண்டதால் அதிர்ச்சி, குடித்ததால் குடல் நோய். மருத்துவரிடம் சென்றார், அடுத்த மாதம் மருத்துவமனையிலும் சேர்க்கப்பட்டார். நட்ட ஈடு யாரிடம் கேட்பது? கடைக்காரரையா? மூடி முத்திரையிட்ட புட்டியை வாங்கினார், விற்றார். அவர் மீது குற்றமென்ன? அன்றியும், காசு கொடுத்தவர் தோழி. பொருள் வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையில்தான் ஒப்பந்தம், அருந்தியவர் அந்நியர்! புட்டியில் அடைத்த உற்பத்தியாளர் டேவிட் ஸ்டீவன்சனோ எங்கோ தம் தொழிற்கூடத்தில் இருக்கிறார்; அவருக்கும் இந்த அம்மையாருக்கும் எந்த உறவும் இல்லையென்று சட்டம் சாதித்தது. வயிற்றுக்குள் உறவு ஏற்பட்டுவிட்டதே என்றால், வயிறு சட்டப் புத்தகத்தில் இல்லை!

இந்தச் சட்டம் எப்படி வந்தது? 1837-இல் சார்லஸ் பிரீஸ்ட்லி என்ற கசாப்புக் கடைப் பணியாள், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி சாய்ந்து தொடையெலும்பு முறிந்ததற்காக முதலாளியிடம் ஈடு கேட்டான். சான்றாயர் நூறு பவுன் கொடுக்கச் சொன்னார்கள். தலைமை நீதிபதி அபிங்கர் பிரபு அதைத் தட்டிவிட்டார். இதற்கு இடங்கொடுத்தால், பணிப்பெண் ஈரப் படுக்கையை விரித்ததற்கும் எஜமானன் ஈடு கொடுக்க வேண்டிவருமே என்பது அவர் கவலை! எலும்பு முறிந்தவன் ஒருபுறம், ஈரமாகக்கூடிய படுக்கை மறுபுறம். தராசு படுக்கைப் பக்கம் தாழ்ந்தது. 1842-இல் மற்றொரு வழக்கு. அஞ்சல் வண்டி ஓட்டியவர் விண்டர்பாட்டம். பழுதுற்ற வண்டி நொறுங்கி வாழ்நாள் முழுதும் முடமானார். வண்டியைப் பராமரிக்க ஒப்பந்தம் செய்தவர் அஞ்சல் துறைத் தலைவரோடுதான் செய்தார், ஓட்டுநரோடு அல்லவே என்று கைவிரித்தது நீதிமன்றம். அங்கேயும் அதே அபிங்கர். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் இந்த மதிற்சுவர் நின்றது.

மதிலை முட்டியவர் கிளாஸ்கோ வழக்கறிஞர் வால்டர் லீச்மன். காயம்பட்ட எளியோரின் வழக்குகளை ஏற்று நடத்திய சிறு நிறுவனம் அவருடையது. நத்தைக்கு முன்பே எலி வந்திருந்தது அவரிடம்! பானப் புட்டியில் செத்த எலி கிடந்ததாகக் கூறிய குடும்பத்திற்காக அவர் வாதாடினார். 1929 மார்ச் 20-இல் எடின்பரோ மேல்நீதிமன்றம் தோல்வியைத் தந்தது. நால்வரில் மூவர், ஒப்பந்தம் இல்லையேல் பொறுப்பு இல்லை என்றனர். ஹண்டர் பிரபு ஒருவரே மாறுபட்டார். வேறொருவராயின் பெட்டியைக் கட்டியிருப்பார். லீச்மனோ மூன்று வாரமும் ஆகாத நிலையில், ஏப்ரல் 9-இல், நத்தை வழக்கைத் தாக்கல் செய்தார். ஐந்நூறு பவுன் ஈடு கேட்டார். தோற்ற வாதத்தையே மீண்டும் தூக்கிக்கொண்டு அதே மன்றத்தின் வாயிலில் நிற்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! வெற்றிகளை மட்டும் எண்ணி வழக்கறிஞரை அளப்பது வழக்கம். நம்மைக் கேட்டால், அந்த மூன்று வாரத்தை எண்ண வேண்டும் என்போம்.

1930 ஜூனில் மங்க்ரீஃப் பிரபு அம்மையார் பக்கம் தீர்ப்பளித்தார். நவம்பரில் மேலமர்வு அதைக் கவிழ்த்தது. எலி வழக்கைத் தள்ளிய அதே நீதிபதிகள். மறுபடியும் மூவர் எதிர்ப்பு, மறுபடியும் ஹண்டர் தனித்து நின்றார். எஞ்சியது இலண்டனின் பிரபுக்கள் சபை.

அங்கே செல்லப் பணம்? தோற்றால் எதிரியின் செலவையும் தாங்க வேண்டும். ஏழை வழக்காளியாகத் தம்மை ஏற்குமாறு அம்மையார் விண்ணப்பித்தார். தமக்கு இவ்வுலகில் ஐந்து பவுன் பெறுமான உடைமையும் இல்லை என்று உறுதிமொழி கொடுத்தார். அவர் சொல் போதவில்லை. தேவாலயப் போதகரும் மூப்பர் இருவரும் சான்றளிக்க வேண்டியிருந்தது. பசிக்குக்கூடப் பாதிரியார் கையொப்பம்! 1931 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. ஜார்ஜ் மார்ட்டன், மில்லிகன் என்ற இரு வழக்கறிஞர்கள் டிசம்பர் 10, 11 நாட்களில் வாதாடினர்.

1932 மே 26. ஐவரில் மூவர் அம்மையார் பக்கம், இருவர் எதிர்ப்பக்கம். ஸ்காட்லாந்துக்காரர்களான தாங்கர்ட்டனும் மக்மில்லனும் ஆட்கின் பிரபுவோடு சேர்ந்தனர். பக்மாஸ்டர், டாம்லின் இருவரும் மறுத்தனர். ஒரு படி இறங்கினால் ஐம்பது படி இறங்க நேரும் என்று அஞ்சினார் பக்மாஸ்டர். அபிங்கரின் ஈரப் படுக்கை இன்னும் உலரவில்லை! ஆட்கின் வேறுவிதமாகக் கேட்டார்: சட்டப்படி எனக்கு அயலார் யார்? என் செயலால் ஊறு நேரக்கூடும் என்று நான் முன்கூட்டியே நினைத்துப் பார்க்க வேண்டிய ஒவ்வொருவரும் அயலாரே என்றார். நல்ல சமாரியன் கதையிலுள்ள கேள்விதான் அது. நூற்றாண்டுகளாக ஞாயிறுதோறும் பிரசங்கத்தில் ஒலித்த அந்தக் கேள்வி, தொழிற்கூட வாயிலில் கேட்கப்பட்டபோதுதான் அதற்குப் பல் முளைத்தது. இடையில் சோதித்துப் பார்க்க வாய்ப்பில்லாத வகையில் பொருளை அடைத்து அனுப்புகிற உற்பத்தியாளர், இறுதியில் நுகர்பவருக்குப் பொறுப்பாளி என்பது சட்டமாயிற்று.

அமெரிக்காவில் நியூயார்க் மன்றம் 1916-லேயே, சக்கரம் உடைந்த பியூக் மகிழுந்து வழக்கில் இத்திசையில் நடந்திருந்தது. நத்தை வழக்கிற்குப் பின் 1935-இல், கம்பளி உள்ளாடையில் தங்கிவிட்ட இரசாயனத்தால் தோல் நோயுற்ற ஆஸ்திரேலிய மருத்துவருக்குப் பிரிவிக் கவுன்சில் ஈடு வழங்கிற்று. நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் உற்பத்தியாளர் பொறுப்புக்கெனத் தனி அத்தியாயம் இருக்கிறது.

சரி, நத்தை உண்மையில் இருந்ததா? அந்தக் கேள்வி விசாரிக்கப்படவேயில்லை! பிரபுக்கள் தீர்த்தது சட்டத்தை மட்டும். நடந்தது என்ன என்பதை ஸ்காட்லாந்து மன்றம் பிறகு ஆராய வேண்டும். அதற்குள், 1932 நவம்பரில், ஸ்டீவன்சன் இறந்துபோனார். அவர் சொத்தைப் பொறுப்பேற்றவர்கள் சமரசம் செய்து முடித்தனர். கொடுத்தது இருநூறு பவுன் என்று கூறப்படுகிறது. மே டோனோகு பழையபடி உழைத்து வாழ்ந்தார். 1958 மார்ச்சில், ஐம்பத்தொன்பதாம் வயதில், மனநல மருத்துவமனையொன்றில் மாரடைப்பால் இறந்தார்.