எங்கட காலத்துக்கு என்ன பெயர்?

கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் எண்டு பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினோமே, அது ஒரு அருங்காட்சியகத்தில் பொருள் அடுக்கப்போய் வந்த பிரிவு. கோப்பன்ஹேகனில் குவிந்துகிடந்த பழம்பொருட்களை ஒழுங்குபடுத்திய தொம்சன் என்பவர், வெட்டும் கருவிகள் எதனால் செய்யப்பட்டவை என்று பார்த்துத்தான் காலத்தைப் பிரித்தார். 1836இல் அது நூலாக வந்தது. எல்லா ஊருக்கும் அது பொருந்தாது. இலங்கையில் வெண்கலக் காலம் என்று தெளிவாக ஒன்று இல்லை. கல்லுக்குப் பிறகு இரும்புதான்.

இப்ப எங்கட காலத்தைச் சிலர் பிளாஸ்டிக் காலம் என்கிறார்கள், சிலர் இணைய யுகம் என்கிறார்கள். எனக்கு இவை இரண்டு காலமாகத் தெரியவில்லை.

1850களில் கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டபோது, உப்புத்தண்ணி உள்ளே போகாமல் காத்தது கட்டாபேர்ச்சா என்ற மரப்பால். அதுக்காக மலாயாப் பக்கத்துக் காடுகளில் மரங்கள் கணக்கில்லாமல் வெட்டுப்பட்டன. பிறகு 1933இல் இங்கிலாந்தில் ஒரு இரசாயனக் கம்பனியின் ஆய்வுகூடத்தில், வேறொன்றைத் தேடிச் செய்த பரிசோதனையில், பாத்திரத்துக்குள் வெள்ளையாக மெழுகு மாதிரி ஏதோ படிந்திருந்தது. அதுதான் பொலித்தீன். உலகப் போரில் ராடார் கேபிள்களுக்கு உறையாகத்தான் அதற்கு முதல் பெரிய வேலை கிடைத்தது. சொப்பிங் பேக் எல்லாம் பிந்தி வந்த கதை. இன்றைக்கு இணையத்தைச் சுமந்து கடலடியில் கிடக்கிற கண்ணாடி இழைக் கேபிளுக்கும் பொலித்தீன்தான் போர்வை.

கொழும்புக் கரைக்கு அந்தக் கேபிள்களும் வந்து சேருகின்றன. அதே கடலில்தான் 2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தது. ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் அதில் இருந்தன, பெரும்பாலும் பொலித்தீன். கரை முழுக்க வெள்ளையாக ஒதுங்கி, மீன்பிடி நிண்டு, ஆட்கள் மணலைச் சல்லடையில் அரித்ததை நாங்கள் போனில்தான் பார்த்தோம்.

கற்கால மனிதரிட்ட மரமும் கயிறும் தோலும் தாராளமாக இருந்திருக்கும். உக்கிப் போனதால் அவற்றின் பெயரில் காலம் இல்லை. நாங்கள் அனுப்புகிற குறுஞ்செய்தியும் அப்படித்தான் போகும், உறை மட்டும் கிடக்கும். ஆகவே பொலித்தீன் காலம் எண்டு வையுங்கோ. தொம்சன் மாதிரி ஒருவர் பிறகு வந்து எங்கட கரையைத் தோண்டினால், அவருக்கு முதலில் அகப்படப்போவது அந்த மணிகள்தான்.