கோப்பின் ஆயுளைச் சொல்லும் எழுத்துகள்

அரசு அலுவலகக் கடிதங்களின் தலைப்பில் ‘ந.க.எண்’ (நடப்புக் கணக்கு எண்) என்றிருக்கும். சிலவற்றில் அதே இடத்தில் ‘ஓ.மு.’ என்றோ ‘மூ.மு.’ என்றோ இருக்கும். பின்னவற்றில் வரும் ‘மு.’ என்ற சிற்றெழுத்தின் மூலம் ‘டிஸ்போஸ் ஆஃப்’ என்னும் ஆங்கிலக் கூட்டு வினை.

லத்தீனில் ‘டிஸ்போனெரே’ என்றால் பிரித்து ஒழுங்காக வைப்பது. ஆங்கிலத்தில் ‘டிஸ்போஸ்’ தனியே நின்றால் இன்றும் அந்தப் பொருள் உண்டு. ‘ஆஃப்’ சேர்ந்ததும் அது இரண்டாகக் கிளைக்கிறது: ஒரு விவகாரத்தை முடித்துவைப்பது ஒன்று, ஒரு பொருளைக் கழித்துக்கட்டுவது மற்றொன்று. நீதிமன்றம் மனுவை ‘டிஸ்போஸ்’ செய்தால் விசாரணை முடிந்தது என்றுதான் பொருள். மனுதாரர் வென்றாரா தோற்றாரா என்பதை உத்தரவைப் படித்தே அறிய வேண்டும். தள்ளுபடி வேறு, முடித்துவைப்பு வேறு.

சென்னை மாகாண அலுவலகங்களில் இவ்விரு பொருளும் ஒரே கோப்பில் சந்தித்தன. ஐ.சி.எஸ். அதிகாரி டாட்டன்ஹாமின் பெயரால் வழங்கும் அலுவலக முறையில், வந்த தபால் பகிர்மானப் பதிவேட்டில் எண் பெறும். பிறகு உதவியாளரின் தன்பதிவேட்டில் ஏறும். கடைசி நடவடிக்கை முடிந்ததும் எண் மாறாது. முன்னெழுத்து மட்டும் மாறும். ‘எல்.டிஸ்.’ என்றால் ஓராண்டு, ‘கே.டிஸ்.’ மூன்றாண்டு, ‘டி.டிஸ்.’ பத்தாண்டு, ‘ஆர்.டிஸ்.’ என்றும் காக்க வேண்டியது. கோப்பை முடிக்கும்போதே அதை எப்போது அழிப்பது என்பதும் தீர்மானமாகிவிடும்.

எழுத்தர்கள் இதை மனப்பாடமாக அறிந்திருந்தார்கள். மனு கொடுத்த விவசாயிக்கு அந்த ஆங்கில எழுத்துகள் எதையும் சொல்லவில்லை.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ் ஆட்சிமொழியானது. அலுவலக வழக்கில் ‘டிஸ்’ என்ற துண்டு ‘முடிவு’ ஆயிற்று. எல்லுக்கும் கேவுக்கும் டிக்கும் நேரான எழுத்தைத் தேடாமல், காலத்தையே பெயரில் வைத்தார்கள்: ஓராண்டு முடிவு ஓ.மு., மூன்றாண்டு முடிவு மூ.மு., பத்தாண்டு முடிவு ப.மு. ஆங்கிலம் மறைத்துவைத்த கணக்கைத் தமிழ் வெளிப்படையாகச் சொன்னது. ஆட்சித் தமிழின் அருமையான வெற்றிகளில் இது ஒன்று.

அலுவலகப் பேச்சில் ‘டிஸ்போசல்’ இன்னும் வாழ்கிறது. உங்கள் கைக்கு வரும் பதிலில் ‘மூ.மு.’ என்றிருந்தால், அந்தக் கோப்பு அலுவலகத்தில் மூன்றாண்டுதான் இருக்கும். தேவையான நகல்களை அதற்குள் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.