சின்னமனூர் விமான விபத்து, 1971

1971 டிசம்பர் 9 அன்று, மதுரையில் தரையிறங்க உயரம் குறைத்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ விமானம், உத்தமபாளையம் வட்டத்துச் சின்னமனூர் அருகே மலையில் மோதியது. விமானத்தில் இருந்த 31 பேரில் விமான ஊழியர் நால்வரும் பயணிகள் 17 பேரும் இறந்தனர். பயணிகள் 10 பேர் உயிர் தப்பினர். வங்கதேசப் போர் தொடங்கி ஆறாவது நாள் அது. அன்று இப்பகுதி மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

ஆவ்ரோ 748, பழைய டக்கோட்டாவுக்கு மாற்றாக இங்கிலாந்தில் உருவானது. இரண்டு ரோல்ஸ்-ராய்ஸ் டார்ட் டர்போபுராப் எஞ்சின்கள். சுமார் 40 முதல் 50 பேர் அமரலாம். சிறிய ஓடுதளமே போதும். 1960 ஜூன் 24 அன்று முதன்முதலாகப் பறந்தது. பின்னர் ஹாக்கர் சிட்லி என்று பெயர் மாறியும், இந்தியாவில் அது ஆவ்ரோவாகவே நிலைத்துவிட்டது. கான்பூரில் கட்டப்பட்ட முதல் விமானம் 1961 நவம்பர் 1 அன்று பறந்தது. விமானப்படைத் தளபதி சுப்ரதோ முகர்ஜியின் நினைவாக அதற்குச் 'சுப்ரதோ' என்று பெயரிட்டனர். இங்கு கட்டப்பட்ட 89 விமானங்களில் 17 இந்தியன் ஏர்லைன்ஸுக்கும், மற்றவை விமானப்படைக்கும் சென்றன.

மோதியது பகல் வேளையில்தான். ஆனால் பார்வைத் தெளிவு குறைந்திருந்தது. மோதிய இடத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர். கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கே கேரள எல்லை மலைகள், கிழக்கே மேகமலை. மதுரை ஓடுதளமோ சமவெளியில் இருக்கிறது. ஓடுதளத்தை நினைத்து உயரத்தைக் குறைக்கும் விமானம், மலைத்தொடரை முழுதாகக் கடந்த பிறகே அதைச் செய்ய வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இம்மலைகளின் தலையை மேகம் மூடிவிடும். கீழே பள்ளத்தாக்கு தெரிந்தாலும் எதிரே உள்ள முகடு தெரியாது.

இயந்திரக் கோளாறின்றி, ஓட்டுநரின் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே விமானம் நிலத்தில் மோதுவதைத் தனி வகை விபத்தாகவே வல்லுநர்கள் கருதுகின்றனர். தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி அக்காலத்தில்தான் உருவாகிக்கொண்டிருந்தது. அமெரிக்கா அதைப் பெரிய பயணிகள் விமானங்களுக்குக் கட்டாயமாக்கியதே 1970-களின் நடுவில்தான். அதுவரை ஓட்டுநருக்குத் துணை வரைபடம், உயரமானி, தன் கண் ஆகியவையே.

ஆவ்ரோ அதன் பிறகும் பல ஆண்டுகள் பறந்தது. விமானப்படையின் ஆவ்ரோக்களுக்கு மாற்றாக 56 சி-295 விமானங்களை வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானது 2021-இல்.