துண்டுக்குள்ள என்ன பேசுறாங்க? மாட்டுச் சந்தை விரல் பாஷையும் நன்னூல் சொல்லும் 'குழூஉக்குறி'யும்

ரெண்டு பேர் கைகொடுத்தபடி நிற்கிறார்கள். கைகளுக்கு மேல ஒரு துண்டு. வாயில் பேச்சே இல்லை. ஒருத்தர் தலையை ஆட்டுகிறார், இன்னொருத்தர் மறுபடி விரலைப் பிடிக்கிறார். தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் பழக்கப்பட்ட காட்சி இது. துண்டுக்குள்ளே ஓடுவது மாட்டோட விலை!

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமை சந்தையும், போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமை சந்தையும் பேர் போனவை. எல்லைப் பகுதி என்பதால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் இங்கே புழங்கும். 'ஒன்று', 'ஒகட்டி', 'ஒந்து' என்று எண்ணுக்குப் பேர் மாறலாம். விரல் மாறாது.

எப்படி வேலை செய்யுது?

ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ரெண்டைப் பிடித்தால் ரெண்டு. அது நூறா, ஆயிரமா, பத்தாயிரமா என்பதைப் பேச்சில் ஜாடையாகத் தெரிந்துகொள்வார்கள். உதாரணத்துக்கு 43 ஆயிரம் என்றால், முதலில் நாலு விரல், அப்புறம் மூணு விரல். ஐந்துக்கு மேற்பட்ட எண்களுக்கான பிடி சந்தைக்குச் சந்தை மாறும்.

எதுக்கு மறைக்கணும்?

விலை வெளியே தெரிந்துவிட்டால், அடுத்து வருபவர் அதிலிருந்துதான் பேரத்தைத் தொடங்குவார். தெரியாத வரைக்கும், விற்பவர் ஒவ்வொருத்தரிடமும் புதுசா பேசலாம்.

ஆனால் இதில் ஒரு வில்லங்கமும் இருக்கு. நடுவில் தரகர் நின்று ரெண்டு பக்கமும் அவரே விரல் பிடித்தால்? வாங்குபவரிடம் 43 ஆயிரம், விற்பவரிடம் 40 ஆயிரம். நடுவில் உள்ள மூவாயிரம், தரகுக் கூலிக்கு மேல தனி வரும்படி. சொந்த மாடு என்ன விலைக்குப் போச்சு என்பது வளர்த்தவருக்கே தெரியாமல் போகும். பாஷை தெரிந்த விவசாயி அதனாலதான் தன் கையையே துண்டுக்குள் விடுவார்.

இது நம்ம ஊர் வித்தை மட்டும் இல்லை. வளைகுடா நாடுகளின் முத்து வியாபாரிகளும் துணிக்கு அடியில்தான் பேரம் பேசினார்கள். சீனாவில் சட்டையின் நீளமான கைக்குள்ளேயே விரல் பிடித்தார்கள்.

குழூஉக்குறி என்றால்?

ஒரு குழுவுக்குள் மட்டும் புரிகிற சொல். ஸ்கூல்ல படிச்சது ஞாபகம் வருதா? 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், இதைத் தகுதி வழக்கு மூன்றில் ஒன்றாகச் சொல்கிறது. மற்ற ரெண்டும் இடக்கரடக்கல், மங்கலம்.

இதுக்கு இலக்கண ஆசிரியர்கள் தரும் உதாரணங்கள் சுவாரசியம். பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பார்களாம். கடையில் நிற்கும் வாடிக்கையாளருக்கு எதுவும் புரியாது. யானைப்பாகர்களுக்கு ஆடை 'காரை'. வேடர்கள் கள்ளுக்கு வைத்த பேர் 'சொல்விளம்பி'. உள்ளே போனதும் மனசில் இருப்பதையெல்லாம் சொல்ல வைத்துவிடும் இல்லையா! ரகசியப் பேர்தான், ஆனால் குட்டை உடைக்கிற பேர்.

ஓசூருக்கு என்ன அர்த்தம்?

ரகசியம் எதுவும் இல்லை, ஆனால் தெரியாதவர்களுக்கு இதுவும் ஒரு கோட் மாதிரிதான். கன்னடத்தில் 'ஹொஸ' என்றால் புது; ஹொஸ ஊரு, புது ஊர். நம்ம 'புது'வும் அவங்க 'ஹொஸ'வும் ஒரே வேரிலிருந்து வந்தவை. தமிழில் சொல்லின் முதலில் வரும் 'ப', கன்னடத்தில் பல இடங்களில் 'ஹ' ஆகிவிடும். பால் ஹாலு, புலி ஹுலி, பள்ளி ஹள்ளி. அடுத்த முறை ஓசூர் தாண்டி பெங்களூரு போகும்போது, போர்டில் 'ஹள்ளி' என்று முடிகிற ஊர்ப் பேரைப் பார்த்தால் 'பள்ளி' போட்டு வாசிச்சுப் பாருங்க.