விஷத்துக்கு விஷம்

எங்கள் கிராமத்தில் ஒரு விஷகடி வைத்தியர் இருந்தார். நள்ளிரவில் யார் வந்து கதவைத் தட்டினாலும் எழுந்து வருவார். காசு வாங்க மாட்டார். வாங்கினால் மருந்து பலிக்காது என்பது அவருடைய குருநாதர் இட்ட கட்டளை. கடிபட்டவனை முதலில் வேப்பிலையை மெல்லச் சொல்லுவார். கசப்புத் தெரியவில்லை என்றால் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம். பிறகு ஒரு கறுப்பு உருண்டையை வெற்றிலையில் மடித்துக் கொடுப்பார். "விஷத்துக்கு விஷந்தான் மாற்று, தம்பி" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். பிழைத்தவர்கள் ஊரெல்லாம் அவர் பெருமையைப் பேசினார்கள். பிழைக்காதவர்கள் ஒன்றும் பேசவில்லை.

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு எத்தனை வயது என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆயுர்வேதத்துக்கு எட்டு அங்கங்கள். அவற்றில் ஒன்று விஷத்துக்கென்றே ஏற்பட்ட அகத தந்திரம். சுசுருத சம்ஹிதையில் கல்பஸ்தானம் என்ற பகுதி முழுவதும் விஷத்தைப் பற்றியதுதான். அது பாம்புப் புற்றில் ஆரம்பிக்கவில்லை; அரசனுடைய மடைப்பள்ளியில் ஆரம்பிக்கிறது! சோற்றில் விஷம் கலந்திருந்தால் அதைத் தின்ற காக்கை என்ன ஆகும், நெருப்பில் போட்டால் ஜ்வாலை என்ன நிறம் காட்டும் என்றெல்லாம் விவரிக்கிறது. பாம்புகள் அப்புறம்தான் வருகின்றன.

பாம்புகளைச் சுசுருதர் வகைப்படுத்தியிருப்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். படமெடுப்பவை தர்வீகரம், வட்ட வட்டமாகப் புள்ளி கொண்டவை மண்டலி, கோடுகள் ஓடியவை ராஜிமந்தம். நம்முடைய நல்ல பாம்பையும் விரியனையும் கட்டுவிரியனையும் இதைவிடச் சுருக்கமாக எப்படிப் பிரிப்பது? மண்டலி கடித்தால் வீக்கமும் எரிச்சலும் ரத்தப் போக்கும் உண்டாகும் என்கிறார். இன்றைய டாக்டரும் விரியன் கடிக்கு அதையே சொல்லுகிறார். கண்ணால் கண்டதை எழுதி வைத்தவர்களுடைய வாக்கு இது.

ஆனால் சாஸ்திரத்தில் கண்ணால் கண்டது மட்டும் இல்லை. மனத்தால் கருதியதும் இருக்கிறது. பிராணிகளின் விஷம் உடம்பில் மேல்நோக்கி ஏறும், வேர்களின் விஷம் கீழ்நோக்கி இறங்கும், ஆகையால் ஒன்றை மற்றொன்று கொல்லும் என்று சரக சம்ஹிதை கூறுகிறது. எவ்வளவு அழகான கற்பனை! எங்கள் ஊர் வைத்தியரின் கறுப்பு உருண்டைக்கு மூலம் இதுதான் போலும். அழகாக இருப்பதெல்லாம் உண்மையாகிவிடுமா என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியைப் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஒருவர் கேட்டார். அப்போது சென்னைப் பட்டணத்து வெள்ளைக்காரர்களிடையே 'தஞ்சாவூர் மாத்திரை' என்ற பாம்புக்கடி மருந்து கியாதி பெற்றிருந்தது. அதில் என்னென்ன சேர்ந்திருந்தன, தெரியுமா? வெள்ளைப் பாஷாணம், பாதரசம், நேர்வாளம், நாவிக் கிழங்கு, மிளகு, எருக்கின் சாறு! இதைத் தின்று ஒருவன் பிழைத்தால் அவன் பாம்பிடமிருந்து பிழைத்தானா, மாத்திரையிடமிருந்து பிழைத்தானா என்று சந்தேகப்படத்தான் வேண்டும்.

சந்தேகப்பட்டவர் பாட்ரிக் ரஸ்ஸல். சிரியா தேசத்து அலெப்போ நகரில் பிளேக் நோயோடு போராடிய டாக்டர்; 1785-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை சாஸ்திரியாக நம் பக்கத்தில் நியமனம் பெற்றவர். பாம்புகளைச் சேகரித்தார், ஊர்க்காரர்கள் வழங்கிய பெயர்களையும் சேர்த்து எழுதினார், நாய்களையும் கோழிகளையும் கடிக்க விட்டு, மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். நம்பத் தக்க மாற்று மருந்தாக அது தேறவில்லை. 1796-ல் அவருடைய பெரிய நூல் லண்டனில் வெளியாயிற்று. நம் கண்ணாடி விரியன் இன்று உலகமெங்கும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

அப்படியானால் அத்தனை பேர் பிழைத்தது எப்படி? ரகசியம் இவ்வளவுதான். பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு விஷமே கிடையாது. விஷப் பாம்பும் சில சமயம் பல்லைப் பதித்துவிட்டு விஷத்தை இறக்காமல் போய்விடும். அப்படிக் கடிபட்டவனுக்கு மந்திரமும் பலிக்கும், மாத்திரையும் பலிக்கும், ஒரு டம்ளர் மோரும் பலிக்கும். வைத்தியர் பொய் சொல்லவில்லை, பாவம். பிழைத்தவர்களை மட்டும் எண்ணினார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் 'எல்லாம் மூடநம்பிக்கை' என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் சரித்திரத்துக்கு நம்மைவிடக் குறும்பு அதிகம். 1891-ல் இந்தோசீனாவில் வெள்ளம் வந்து, நாகங்கள் ஒரு கிராமத்துக்குள் புகுந்து பலரைக் கடித்தன. ஸைகோனில் இருந்த ஆல்பர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சு டாக்டர் அந்தப் பாம்புகளை வரவழைத்து ஆராயத் தொடங்கினார். விஷத்தைச் சிறிது சிறிதாகப் பிராணிகளுக்கு ஏற்றினால் அவற்றின் ரத்தத்தில் விஷத்தை முறிக்கும் சக்தி உண்டாவதைக் கண்டார். 1895-க்குள் பாம்புக்கடிக்கு ஸீரம் கிடைத்துவிட்டது. விஷத்துக்கு விஷந்தான் மாற்று! வாக்கியம் உண்மையாகிவிட்டது, ஆனால் சரகர் நினைத்த வழியில் அல்ல, குதிரையின் ரத்தத்தின் வழியாக.

அந்த விஷம் எங்கிருந்து வருகிறது? மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியிலிருந்து. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வியாபாரம் நின்றது. இருளர்கள் பிழைப்பை இழந்தார்கள். 1978-ல் அவர்களுக்காக ஒரு கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து, மண்பானைகளில் சில வாரம் வைத்து, விஷம் எடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் மாற்று மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி நெடுங்காலம் இவர்கள் கையிலிருந்துதான் போயிற்று. 2023-ல் இருளர் இருவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இவ்வளவுக்கும் பிறகு, 2000 முதல் 2019 வரையில் நம் நாட்டில் பாம்புக்கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே இறந்தவர்கள் அவர்களில் அதிகம். மருந்து இருக்கிறது, அது இருக்கும் இடத்துக்கு மனிதன் போய்ச் சேரவில்லை. கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டு, கீறி ரத்தத்தை எடு என்று பழைய நூல்கள் சொன்னதை இன்றைய டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள். கடிபட்ட அங்கத்தை அசைக்காமல், நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் முதல் வைத்தியம்.

எங்கள் ஊர் வைத்தியர் காலமாகி வெகு நாளாயிற்று. நள்ளிரவில் தட்டினால் திறக்கும் கதவு அவருடையது ஒன்றுதான். ஆஸ்பத்திரி பதினெட்டு மைல் தள்ளி இருந்தது. ஜனங்கள் அவரிடம் போனது சாஸ்திரத்தை நம்பி அல்ல. அந்தக் கதவை நம்பி. மாற்று மருந்து வைத்திருக்கிறவர்கள் அந்தக் கதவையும் அல்லவா வைத்திருக்க வேண்டும்?